வரவேற்கப் போன வான்

அரிசி ஆலையிலிருந்து ஒரு மைல் கட்டை தூரம் நடந்த பிறகுதான் செருப்பை அங்கேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுக்கலாம். ஆனால் கோபித்துக்கொண்டு வெளியேறிய மனிதன் செருப்புக்காகத் திரும்பிப் போனால், அதுவரை பட்ட கோபத்துக்கு மரியாதை இல்லை. வெறுங்காலோடு நடந்தேன்.

முதலாளி என்னை மடையன் என்றார். தகவலில் பிழை இல்லை. எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் கைவிட்டோம். அதில் யாருக்கு அதிக நிம்மதி என்று இன்றுவரை தெரியாது. ஆனால் காலையில் பாணும் சம்பலும் வாயில் இருக்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மீதிப் பாணை மேசையில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கினேன். நெல் அவிக்கிற வேலை. மூன்று மாதம் பார்த்தேன். என்னைப் பொறுத்தவரை மூன்று மாதம் நீண்ட சேவை; வேறொருவனாக இருந்தால் ஓய்வூதியம் கேட்டிருப்பான்.

கிளிவெட்டியிலிருந்து மூதூர், மூதூரிலிருந்து பஸ் பிடித்துத் திருகோணமலை, அங்கிருந்து எங்காவது. இதுதான் திட்டம். எங்கள் பக்கத்தில் வேலையை விட்டவர்கள் எல்லாரும் முதலில் துறைமுகப் பக்கம் போவார்கள். அங்கே வேலை கிடைக்கும் என்பதற்காக அல்ல. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவனை யாரும் "என்ன, வேலை இல்லையோ" என்று கேட்பதில்லை.

சந்தியில் ஒரு மரத்தின் கீழே சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருந்தது. அதில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், நீல ரிபன். பழைய சேலைத் துண்டால் அவளை இடுப்பிலும் நெஞ்சிலும் கதிரையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கைகளும் கால்களும் அவளைக் கேட்காமல் தங்கள் பாட்டில் அசைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் தாய், தோளில் பள்ளிக்கூடப் பையோடு, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன், வாற வழியில வெள்ளை வான் ஒண்டு கண்டீங்களா?"

"ஒண்டும் காணேல்ல. எங்க போற வான்?"

"பள்ளிக்கூட வான். ஏழு மணிக்கு வரவேணும்."

அப்போது எட்டு தாண்டியிருந்தது. ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று மூதூரில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதும், அந்த வான் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருவதும் எனக்குத் தெரியும். ஆலை வாசலைத் தாண்டித்தான் போகும். தாய் சாரதிக்குத் தொலைபேசி எடுத்தார். "நானா, எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார்; எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திருகோணமலையில நிக்குதாம். வெளிநாட்டுப் பிள்ளை ஒண்டு பயிற்சிக்கு வருதாம். அதை ஏத்திக்கொண்டு வரப் போயிருக்காம்."

"அப்ப இந்தப் பிள்ளை?"

"இது உள்நாட்டுப் பிள்ளைதானே."

இப்படி நடப்பது இது மூன்றாவது தரமாம். பிள்ளைகளைத் தூக்கி ஏற்றி இறக்க வானில் ஒரு பெண் இருந்தாளாம். அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் வெளிநாட்டில் பயிற்சிதான். அங்கே மாலை போட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் போன நாளிலிருந்து தாயே வானில் ஏறி, தன் பிள்ளையையும் மற்றப் பிள்ளைகளையும் தூக்கி இறக்கி, பின்னேரம் வரை பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து, திரும்பக் கூட்டிவரவேண்டும். வயலில் களை பிடுங்கும் வேலை போயே போய்விட்டது. ஏற்றுவதற்கு ஆள் இல்லை என்ற குறையோடு இப்போது ஏறுவதற்கு வானும் இல்லை.

"இண்டையோட சரி அண்ணன். இனி வீட்டில இருக்கட்டும். என்னால ஏலாது."

கதிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை அல்ல. அடிவயிற்றிலிருந்து எழும்பிய, நீண்ட, கோபமான சத்தம். கால் இரண்டும் உதைத்ததில் கதிரை ஒரு பக்கம் சரிந்தது. நான் பிடித்தேன்.

"எல்லாம் விளங்கும் அவவுக்கு," என்றார் தாய். "பள்ளிக்கூடம் போகவேணும். அவவின்ட கதை முழுக்க அங்கதான் இருக்கு."

"கதையா?"

"மட்டை ஒண்டு. படம் ஒட்டின மட்டை. அதைத் தொட்டுத் தொட்டுத்தான் கதைப்பா. முந்தி வந்த வெள்ளைக்காரப் பிள்ளை செய்து குடுத்திட்டுப் போனது. வீட்ட தரமாட்டாங்க, பழுதாப் போயிருமாம். அலுமாரியில பூட்டி வைச்சிருக்கு."

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலும் நல்ல பீங்கான் கோப்பைகள் ஆறு இருந்தன. நாங்கள் ஒருவரும் அதில் தேத்தண்ணீர் குடித்ததில்லை. விருந்தாளி வந்தால்தான் அலுமாரி திறக்கும். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது குறைவு. கோப்பைகள் இன்றும் புதிதாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் வாயையும் அதே முறையில் பூட்டி வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நல்லாக் கதைப்பாவா?" என்று கேட்டேன்.

"வாய் மூடமாட்டா," என்றார் தாய். அந்தக் காலையில் அவர் பெருமையாகச் சொன்ன ஒரே வசனம் அது.

மூதூர் பஸ் வந்தது; பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம் என்று மறித்தேன். நடத்துநர் மிதிபலகையில் நின்றபடியே கதிரையைப் பார்த்தார்.

"கதிரை ஏத்த ஏலாது."

"கதிரை இல்லாம பிள்ளை இருக்க மாட்டா, விழுந்திருவா," என்றேன்.

"அப்ப அடுத்த பஸ்ஸில வாங்க."

அடுத்த பஸ்ஸில் கதிரை ஏற்றுவார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. பஸ் போய்விட்டது. எனக்கும் அந்த பஸ்ஸில் இடம் இருந்தது. ஏன் ஏறவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அன்பு, கருணை என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மையில் நான் அந்த நேரம் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டால் அது சரிந்துவிடும்.

பிறகு ஒரு லாண்ட்மாஸ்டர் வந்தது. கையால் பிடித்து ஓட்டும் அந்தச் சின்ன உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் வயலுக்குப் போடும் பசளை மூட்டைகள். ஓட்டியவர் கட்டைபறிச்சான் ஊர்க்காரர், மூதூர் வழியாக வீட்டுக்குப் போகிறாராம்.

"ஏறுங்க. மூட்டைக்கு மேல வையுங்க பிள்ளையை. பசளைதானே, வளருவா."

நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். தாய் என் கையைத் தட்டிவிட்டார்.

"தலையை முதல் பிடியுங்க அண்ணன். பிறகுதான் இடுப்பு. நெல்லு மூட்டை எண்டு நினைக்காதீங்க."

அதைத்தான் நினைத்திருந்தேன். திருத்திக்கொண்டேன்.

அடுத்த சந்தியில் காது கேளாத ஒரு சிறுமி தகப்பனோடு நின்றாள். அதற்கடுத்த சந்தியில், குட்டையான கால்களோடு, ஊன்றுகோல் இரண்டைக் கக்கத்தில் வைத்தபடி இன்னொருத்தி, தாயோடு. எல்லாரும் ஏழு மணிக்கு வரவேண்டிய வானுக்காகத்தான் நின்றார்கள். லாண்ட்மாஸ்டர்காரர் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினார். நான் இறங்கினேன், தலையை முதல் பிடித்தேன், ஏற்றினேன். கடைசியில் அவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நான் பசளைக்குத்தான் வந்தனான்," என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடத்தை அடைந்தோம். வாசலில் தோரணம். நிறைகுடம். குத்துவிளக்கு. தலைக்கு மேலே "வருக வருக" என்று ஒரு துணிப் பதாகை. வருகிறவரின் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி எழுதியிருந்தார்கள். தாளின் ஓரத்தில் அதற்குக் கீழே இன்னொரு தாளும், அதற்குக் கீழே இன்னொன்றும் தெரிந்தன. துணி நிரந்தரம், வருகிறவர்கள் தற்காலிகம்.

கண் தெரியாத ஒரு சிறுமி மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாகனம் வந்து நின்றதும் அடிக்கவேண்டும் என்பது அவளுக்குக் கொடுத்த உத்தரவு. லாண்ட்மாஸ்டர் வந்து நின்றது. அவள் அடித்தாள். மேளம் கேட்டதும் பாட்டுக்காரர்கள் தொடங்கினார்கள். பாட்டுத் தொடங்கியதும் பூத்தட்டு வைத்திருந்தவர்கள் வீசினார்கள். மொத்தத்தில் பசளை மூட்டைகளுக்கும், அவற்றின் மேல் சிவப்புக் கதிரையில் இருந்த பிள்ளைக்கும், வெறுங்காலோடு நின்ற எனக்கும் அமோகமான வரவேற்பு. பிள்ளையின் ரிபனில் செவ்வரத்தம்பூ இதழ் ஒட்டிக்கொண்டது. நான் தோஹாவில் கட்டட வேலைக்குப் போய் இறங்கிய அன்று என்னிடமிருந்து கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு தலைக்கவசம் தந்தார்கள். என் வாழ்க்கையில் பூ விழுந்தது இதுதான் முதல் தரம்.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ! இது அவ இல்லை!" என்று அதிபர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வேட்டி கட்டிய, வியர்த்துப்போன மனிதர்.

பின்னால் வெள்ளை வான் வந்து ஹோர்ன் அடித்தது. உள்ளே, பதினொரு பேருக்கான இருக்கைகளுக்கு நடுவில், விருந்தாளி ஒருத்தி மட்டும். கொட்டின பூக்களை அவசரமாகக் கூட்டி அள்ளித் திரும்பவும் தட்டில் போட்டார்கள். கொஞ்சம் மணலும் பசளையும் சேர்ந்துதான் அவளுக்கு விழுந்திருக்கும். அவள் சிரித்துக்கொண்டுதான் வாங்கினாள்.

இருபத்திரண்டு வயது இருக்கும். குளிர் நாட்டுக்காரி. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற படிப்பு. மூன்று மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். மூன்று மாதம் என்பதைக் கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அடுத்த சிக்கல், மொழிபெயர்ப்பு. ஆங்கில ஆசிரியை லீவில். "ஆருக்கும் இங்கிலீஷ் வருமோ?" என்று அதிபர் சுற்றிப் பார்த்தார். தோஹாவிலும், நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் கற்ற ஆங்கிலம் என்னிடம் இருந்தது; இலக்கணம் இல்லை, ஆனால் ஓடும். மேசையில் வடை மூடி வைத்திருப்பதையும் பார்த்திருந்தேன். கையைத் தூக்கினேன்.

அதிபர் பேசினார். கடல் கடந்து, பனி கடந்து, எமது பிஞ்சு உள்ளங்களை நாடி வந்திருக்கும் அன்புத் திருமகளே என்று தொடங்கினார். நிழல் ஒரு கதிரையிலிருந்து அடுத்த கதிரைக்கு நகரும் வரை பேசினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவருக்குச் சந்தோஷம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இவ்வளவு நேரமும் அதையா சொன்னார்?" என்று அவள் கேட்டாள்.

"மிகவும் சந்தோஷம்."

அவள் முன்னால் இருந்த வரிசையைப் பார்த்தாள். நிறையக் கதிரைகள். பாதிக்கு மேல் வெறுமை. லாண்ட்மாஸ்டரில் வந்தவர்கள் இல்லாவிட்டால் இன்னும் வெறுமையாக இருந்திருக்கும். பிள்ளைகள் இவ்வளவு பேர்தானா என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளன் நிதானிப்பான். நான் நெல் அவிப்பவன். "இல்லை," என்றேன். "மற்றவர்கள் சந்திகளில் நிற்கிறார்கள். நீ வந்த வானுக்காக."

அவள் முகம் சிவந்ததைப் பார்த்து அதிபர் பதறினார். "என்ன சொன்னனீங்கள்? வெயிலாமோ? தேத்தண்ணீர்! தேத்தண்ணீர் கொண்டுவாங்கோ!"

தேத்தண்ணீர் என்றால் நல்ல கோப்பை. நல்ல கோப்பை என்றால் அலுமாரி. ஆசிரியை ஒருவர் திறப்பை எடுத்து, விறாந்தையில் நின்ற அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டில் தங்க விளிம்பு வைத்த கோப்பைகள். கீழ்த் தட்டில், பொலித்தீன் உறைக்குள், படங்கள் ஒட்டிய மட்டை.

சந்தியில் கேட்ட அதே சத்தம் முன்வரிசையிலிருந்து எழும்பியது.

"பிறகு மகள், பிறகு," என்றார் அதிபர். "முதல் நிகழ்ச்சி முடியட்டும்."

அவள் என்ன கேட்கிறாள் என்று விருந்தாளி என்னிடம் கேட்டாள். "அவளுடைய வாயைக் கேட்கிறாள். அந்த அலுமாரிக்குள் இருக்கிறது." விருந்தாளி எழும்பிப் போனாள். ஆசிரியையின் கையில் கோப்பைகள் இருந்ததால் தடுக்க முடியவில்லை. மட்டையைக் கொண்டுவந்து, உறையைக் கழற்றி, பிள்ளையின் மடியில் வைத்தாள்.

அதிபருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. குனிந்து, "வணக்கம் சொல்லுங்கோ மகள். இந்தா, வணக்கம் இஞ்ச இருக்கு," என்று கை கூப்பிய படத்தைக் காட்டினார்.

பிள்ளையின் இடது கை மேலே போனது, விலகியது, மறுபடி வந்தது. விரல் முட்டி ஒரு படத்தில் பட்டு நின்றது. தாய் சத்தமாக வாசித்தார்.

"வான்."

அடுத்தது. "இல்லை."

அடுத்ததற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. புருவம் நெரித்த சிவப்பு முகம். "கோபம்."

வணக்கம் சொல்லப்படவில்லை. நான் மூன்றையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அன்று நான் செய்த மொழிபெயர்ப்புகளில் சொல்லுக்குச் சொல் சரியானது அதுதான்.

அதிபர் கதிரை ஒன்றில் இருந்துவிட்டார். மோசமான மனிதர் இல்லை அவர். என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தம்பி, வாறவையை பஸ்ஸில வரவிட்டா ஊர் என்ன சொல்லும்? இவ போய் நல்லாச் சொன்னாத்தான் அடுத்த பிள்ளை வரும். அந்த மட்டையும் அப்பிடி ஒரு பிள்ளை செய்ததுதானே. எங்களிட்ட வேற ஆர் இருக்கினம்?" அதையும் மொழிபெயர்த்தேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

விருந்தாளி தன் கோப்பில் இருந்த தாளைப் பார்த்தாள். அவளுடைய பயிற்சியின் நோக்கங்கள் அதில் வரிசையாக இருந்தன. பிறகு அதை மூடி வைத்துவிட்டு, நாளை தன்னை யாரும் ஏற்ற வரவேண்டாம், விடியவே தான் வானில் ஏறிப் பிள்ளைகளை ஏற்றப் போகிறேன் என்றாள். அதிபர் நெஞ்சில் கையை வைத்தார். விருந்தாளி வானில் உதவியாளாகப் போவதா!

"அவ வந்து என்ன செய்ற," என்று வான் சாரதி வாசலில் நின்று சொன்னார். மூதூர்க்காரர், எல்லாருக்கும் நானா. "தமிழ் தெரியா. பிள்ளையள் பயந்திரும். எனக்கு முதுகு ஏலாது, தூக்கினா அப்படியே நிண்டிருவன். ஏத்தி இறக்க ஆள் வேணும்."

"அதத்தானே நானும் கேக்கிறன்," என்றார் தாய். "ஆள் இல்லாட்டி நாளையில இருந்து இவ வரமாட்டா. நான் வயலுக்குப் போறன்."

பிள்ளையின் கை மட்டையில் அசைந்தது. சூரியன் எழும்புகிற படம். "நாளை," என்று தாய் வாசித்தார். கை அதிலிருந்து எழும்பவில்லை. அங்கேயே நின்றது. வாசித்த பிறகும் நின்றது. யாராவது பதில் சொல்லும் வரைக்கும் எடுக்கப்போவதில்லை என்பது போல நின்றது.

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நானா மட்டும் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுகளை லாண்ட்மாஸ்டர்ல ஏத்தி இறக்கினது நீங்கதானே?"

"நான் போற ஆள் நானா. பின்னேர பஸ்ஸில போறன்."

"எங்க?"

"தெரியாது."

"தெரியாத இடத்துக்கு நாளையிண்டைக்கும் போகலாம்தானே. அது எங்கயும் ஓடிராது."

பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன். அதிபர் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்தார். வான் உதவியாளர், தற்காலிகம் என்று எழுதினார். பதாகையில் இருந்ததை விடச் சின்ன எழுத்து. கையெழுத்து வைத்தேன். விருந்தாளி மட்டையைக் காட்டி ஏதோ சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அதிபர் மட்டையை ஒருமுறை பார்த்து, இன்னொரு வரி எழுதினார்: படமட்டை ஒன்று, மாணவியின் வீட்டுக்கு, பழுதானால் பொறுப்பு வான் உதவியாளர். அதற்கும் கையெழுத்து வைத்தேன். அதன் பிறகே வடை தந்தார்கள்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வான் புறப்பட்டது. நானா தன் பழைய செருப்பைத் தந்திருந்தார். ஒரு அளவு பெரிது. வெளிநாட்டுப் பயிற்சிக்காரி பின் இருக்கையில், மடியில் கோப்போடு. உள்நாட்டுப் பயிற்சிக்காரன் நான் கதவடியில். எங்கள் இருவருக்கும் வேலையில் அது முதல் நாள். அவளுக்கு மட்டும் முடிவில் சான்றிதழ் கொடுப்பார்கள்.

சந்தியில் அதே சிவப்புக் கதிரை. தாயின் கையில் இன்று பள்ளிக்கூடப் பை இல்லை, களை பிடுங்கப் போகும் கூடை. கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன, சுகமில்லையா?" என்று கேட்டேன்.

"நித்திரை இல்லை அண்ணன். நேற்று மட்டையோட வந்ததில இருந்து ஒரே கதை. சோறு எண்டா கதை, தண்ணி எண்டா கதை, பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றியும் கதை. கெதியா ஏத்திக்கொண்டு போங்க."

நான் குனிந்து, தலையை முதல் பிடித்தேன்.